வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு ஷேர் மார்க்கெட்டில் ரிஸ்க் அதிகமா?

தொழிலில் போட்ட பணம் போவது எட்டயபுரத்துக்குப் புதிதல்ல. பாரதியாரின் அப்பா சின்னச்சாமி ஐயர் இங்கே பஞ்சாலைத் தொழிலில் இறங்கி நொடிந்துபோனார், 1898-ல் காலமானார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இதே ஊரில்தான். அவர் சார்ந்த மார்க்கம் வட்டியைத்தான் விலக்குகிறது. லாப நஷ்டத்தில் பங்கேற்பதை அல்ல. அதனால்தான் ஷரியா பங்குகள் என்று ஒரு தனி வரிசையே இருக்கிறது.

இதன் சல்லடை எளிது. வங்கி, இன்ஷூரன்ஸ், மது, புகையிலை கம்பெனிகள் முதலிலேயே வெளியே. வட்டிக் கடன் அதிகம் வாங்கிய கம்பெனிகளும் அடுத்து வெளியே. எச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.டி.சி. எல்லாம் போய்விடும். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், ஹிந்துஸ்தான் யூனிலீவர் மாதிரி கம்பெனிகள் நிற்கும்.

கடன் குறைந்த கம்பெனி என்றால் ரிஸ்க்கும் குறைவுதானே? பாதிதான் உண்மை. 2020-ல் ஐ.டி. பங்குகளின் குறியீடு 50 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. பேங்க் நிஃப்டி லேசாக இறங்கியே அந்த வருடத்தை முடித்தது. ஷரியா பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். 2022-ல் எல்லாம் தலைகீழ். ஐ.டி. குறியீடு கால் பங்கு சரிந்தது, பேங்க் நிஃப்டி சுமார் 20 சதவிகிதம் ஏறியது. ஆக, வித்தியாசத்தின் பெரும்பகுதி எந்தத் துறை கையில் இருக்கிறது என்பதில்தான். இன்னொன்று, சல்லடை கணக்குப் புத்தகத்தை நம்பித்தான் சலிக்கிறது. கையிருப்பையே பொய்யாகக் காட்டிய சத்யம் மாதிரி கம்பெனியை அது கண்டுபிடிக்காது.

ஆனால், பெரிய ரிஸ்க் பங்குகளுக்கு வெளியே இருக்கிறது. மற்ற குடும்பங்கள் பாதிப் பணத்தை எஃப்.டி.யில் போட்டுவிட்டு மீதியை ஷேரில் போடும். மார்க்கெட் விழுந்தால் எஃப்.டி. தாங்கும். வட்டி வாங்காத குடும்பத்துக்கு அந்த மெத்தை கிடையாது. இரண்டு வருடத்தில் மகளுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸும் ஷேரிலேயே கிடந்தால், சரிவு வரும் மாதத்தில் நஷ்டத்துக்கு விற்க வேண்டியதுதான். அப்படி நாள் குறித்த செலவுக்கான பணத்தைத் தங்கமாகவோ, வட்டியில்லா கரண்ட் அக்கவுன்ட்டிலோ ஒதுக்கிவிடுவது நல்லது. தங்கமும் ஏறி இறங்கும் என்றாலும், ஷேர் விழும்போதெல்லாம் கூடவே விழுவதில்லை.

ஏழெட்டு வருடம் தொடத் தேவையில்லாத பணத்துக்கு டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் போன்ற ஃபண்டுகள் இருக்கின்றன. நிஃப்டி 50 ஷரியா குறியீட்டைப் பின்தொடரும் இ.டி.எஃப். ஒன்றும் உண்டு. அந்த ஐம்பதில் தேறுவது பாதிகூட இல்லை என்பதால், பரவலான ஃபண்டைவிட அதில் ஆட்டம் கூடுதல்.