நன்றி பத்திரிகைக்கு, பெயர் யாருக்கு?

நாள் முழுவதும் செங்கல் சுமந்தவனின் பெயர் ஹாஜரிப் புத்தகத்தில் ஏறவில்லையென்றால் என்ன ஆகும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கூலி போகும். விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடும் போகும். "இந்த ஆள் நம்மிடம் வேலையே செய்யவில்லை" என்று முகாதம் கையை விரிப்பான். எழுதுகிறவனின் நிலையும் இன்று ஏறக்குறைய இதுதான்.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் ஏடுகளில் எழுதுகிறவர்கள் சன்மானத்துக்காக எழுதுவதில்லை. ஷிப்டு முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, தாம் கண்டதையும் பட்டதையும் எழுதுகிறார்கள். அப்படி வந்த கதையையோ கட்டுரையையோ ஊரிலுள்ள பெரிய பத்திரிகை எடுத்துப் போட்டால் நமக்கு மகிழ்ச்சியே. தாராவியில் எழுதியது திருநெல்வேலியில் படிக்கப்படுகிறதல்லவா! ஆனால் அடியில் என்ன இருக்கிறது? பொடி எழுத்தில் "நன்றி" என்று போட்டு ஏட்டின் பெயர். சில வேளைகளில் அதுவும் கிடையாது. "மும்பைத் தமிழர் ஒருவர் எழுதியது" என்பதோடு சரி. அந்த ஒருவருக்குப் பெற்றோர் பெயர் வைக்கவில்லையா?

கேட்டால் இடம் போதவில்லை என்கிறார்கள். இரண்டு சொல் பெயருக்கு இடமில்லாத பக்கத்தில் பற்பசை விளம்பரத்துக்கு அரைப்பக்கம் கிடைத்துவிடுகிறது. "உங்கள் ஏட்டுக்குத்தான் நன்றி போட்டோமே" என்றும் சொல்கிறார்கள். ஏட்டுக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் கதையை எழுதியது ஏடு அல்லவே! கட்டடத்தின்மேல் கம்பெனிப் பலகை தொங்குகிறது என்பதற்காகக் கொத்தனாருக்குக் கூலி கொடுத்ததாக ஆகிவிடுமா?

இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, "இது என் படைப்பு" என்று கோரும் உரிமையை எழுதியவருக்கு வழங்குகிறது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் இந்த உரிமை அவரை விட்டுப் போவதில்லை. தம் நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் நஷ்ட ஈடு கேட்கவும் அதே பிரிவு வழி செய்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தம் நாவலைப் படமாக்கியவர்கள் அதைச் சிதைத்துவிட்டார்கள் என்று வழக்காடியபோது, 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின் பலத்தைத் தெளிவாக்கியது. இதற்காக எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதுமில்லை. எழுதியபோதே உரிமை பிறந்துவிடுகிறது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்தும் இருக்கிறது. நடப்புப் பொருளாதார, அரசியல், சமூக, சமயப் பிரச்சினைகளைப் பற்றிய கட்டுரையை மற்றொரு பத்திரிகை கேட்காமலே எடுத்துப் போடலாம் என்கிறது 52ஆவது பிரிவு. மறுபிரசுர உரிமை தமக்கே என்று எழுதியவர் வெளிப்படையாக அறிவித்திருந்தால் மட்டும் முடியாது. சிறுகதைக்கும் கவிதைக்கும் இந்தச் சந்து கிடையாது. ஆனால் நம் ஏடுகளில் வருவதில் பெரும்பகுதி கட்டுரைகள்தாமே! ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் கீழும் "மறுபிரசுர உரிமை எழுதியவருக்கே" என்று ஒரு வரி அச்சாக வேண்டும். யாரும் எடுக்கக் கூடாது என்பதல்ல நம் எண்ணம். கேட்கட்டும்; எழுதியவர் பெயர், ஊர், முதலில் வந்த இதழ், மாதம் ஆகியவற்றைப் போடுவதாகச் சொல்லட்டும்; காசில்லாமலே கொடுப்போம்.

பெயர் போனால் என்ன போகிறது என்று கேட்பவர்கள் பாரதியாரைப் பார்க்கட்டும். "இந்தியா", "விஜயா" ஏடுகளில் அவர் பெயர் போடாமல் எழுதியவற்றைக் கண்டெடுக்கச் சீனி. விசுவநாதன், ஆ. இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பழைய தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது. பாரதிக்குத் தேட ஆள் இருந்தது. தாராவிக்காரருக்கு யார் தேடுவார்? அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை அரசு பெற்றது. பிறகு அவை பொதுவுடைமையாயின. இன்று யாரும் காசு கொடுக்காமல் பாரதி பாட்டை அச்சிடலாம். அதற்காகப் பாரதியின் பெயரை எடுத்துவிட்டு அச்சிடுகிறார்களா?

கான்டிராக்டரைப் பற்றி எழுதுகிறவர் புனைபெயரில் எழுதுவார். வேலை போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அந்தப் புனைபெயரும் பெயர்தான். அதையும் விடாமல் போட வேண்டும்.

நம் இதழுக்கும் அளவுகோல் இதுவே. மராத்தியிலிருந்து ஒரு கதையை எடுத்தால் மூல ஆசிரியர் பெயரோடு மொழிபெயர்த்தவர் பெயரும் தலைப்புக்கு அடியிலேயே வர வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே பள்ளியில் மராத்தி படித்த நம் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

ஊர்ப் பத்திரிகையில் நம்மவர் எழுத்து பெயரில்லாமல் வந்திருப்பதைக் கண்டால், தோழர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் குறித்துச் சங்க அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். தனியாள் எழுதும் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகலாம். சங்கத்தின் பெயரால் எழுதுவோம். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடச் சொல்லிக் கேட்போம்.