தடை வீராங்கனைக்கு மட்டும்தானா?

அமெரிக்க பேஸ்பாலில் பேரி பாண்ட்ஸ் அடித்த 762 ஹோம் ரன்மீது ஊக்கமருந்துச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. சாதனை ஏட்டில் அப்படியே இருக்கிறது. நம் திருச்சி கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டர் தங்கம் வென்றார். நாண்ட்ரோலோன் சிக்கியது, தங்கமும் போனது, நான்காண்டுத் தடையும் வந்தது. விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியின் முடிவு, அவர் தோஹாவில் ஓடும்வரை ஏன் வரவில்லை? அதற்காக எந்த அதிகாரிக்குத் தடை?

செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள், நம் சாந்தி சௌந்தரராஜன் மருந்தே எடுக்கவில்லை. 2006இல் இதே தோஹாவில், இதே 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனை என்று பறித்தார்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட வருகிறார்கள். கையில் தரும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?