ஏட்டிலே தடை, கூட்டிலே என்ன?

வாரமெல்லாம் உழைத்தவன் வீட்டிலே ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு கொதிக்கிறது. ஆட்டுக்கறி விலை அவனுக்கு எட்டாது, கோழிதான் எட்டுகிறது. நாமக்கல் முட்டையும் பல்லடத்துக் கறிக்கோழியும் ஏழையின் தட்டிலே சத்தைச் சேர்த்தன. அந்தத் தொழிலை நாம் பழிக்கவில்லை. வாழ வேண்டும் என்று விரும்புவதால்தான் கேட்கிறோம்: அந்தக் கோழியின் குடலிலே குடியிருக்கும் கிருமி எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது? அதை ஆண்டுதோறும் சோதித்து மக்களிடம் சொல்பவர் யார்?

கிருமியைப் பற்றிக் கட்சி ஏட்டுக்கு என்ன கவலை என்பார் சிலர். கவலை உண்டு, தோழர்களே!

கோலிஸ்டின் என்றொரு மருந்து. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர் எடுக்கும் கடைசி ஆயுதம். அந்த ஆயுதத்தை, நோயே இல்லாத கோழிக்குத் தீவனத்திலே கலந்தார்கள். எதற்காக? சீக்கிரம் கொழுக்க! விளைவு என்ன? மருந்துக்கு அடங்கும் கிருமி செத்தது. அடங்காத கிருமி தப்பிப் பெருகியது. மருந்தை எதிர்க்கும் அந்தத் திறனை ஒரு கிருமி மற்றொன்றுக்குக் கைமாற்றித் தருகிறது என்ற செய்தி 2015 நவம்பரில் சீனத்திலிருந்து வந்தது. பன்றியிலே கண்டார்கள், கோழிக்கறியிலே கண்டார்கள், மருத்துவமனையிலே படுத்திருந்த மனிதரிடமும் கண்டார்கள்.

இந்திய அரசும் விழித்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் மீனுக்கும் கோலிஸ்டின் கூடாது என்று 2019 ஜூலையில் தடை போட்டது. வரவேற்கிறோம். ஆனால், பூட்டினால் மட்டும் போதுமா? பூட்டு பூட்டியபடியே இருக்கிறதா என்று பார்க்கக் காவலன் வேண்டாமா?

டென்மார்க்கைப் பாருங்கள். சிறிய நாடு. அவோபார்சின் என்ற தீவன மருந்தை 1995இல் நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டுத் தூங்கவில்லை. எவ்வளவு மருந்து விற்றது, கால்நடையிலே, இறைச்சியிலே, மனிதரிடத்திலே எந்தக் கிருமி எந்த மருந்தை எதிர்க்கிறது என்று அதே ஆண்டிலே கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுகிறார்கள். கறிக்கோழியிலே எடுத்த ஒருவகைக் குடல் கிருமியில், அந்த மருந்துக்கு அடங்காதவை 1995இல் நூற்றுக்கு 70க்கு மேல். 2000இல் 6க்கும் கீழே! தடை பலித்தது, பலித்தது என்று காட்டியது கணக்கு.

இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. கால்நடை, மீன்வளக் கிருமிகளைக் கண்காணிக்க ஆய்வுக்கூடங்களின் கூட்டமைப்பு உண்டு. நாம் கேட்பது, அது ஒவ்வொரு கோழி வட்டாரத்துக்கும் வர வேண்டும். அதன் முடிவு தமிழிலே, எல்லோரும் படிக்க வர வேண்டும்.

வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே என்பார்கள். ஆம், நன்றாக வெந்த கறியிலே சாகும். பச்சைக் கறியை வெட்டும் கைக்கு என்ன காப்பு? பண்ணைக் கழிவை அள்ளும் கைக்கு? அதை வயலிலே எருவாக இறைக்கும் கைக்கு? அந்தக் கைகள் யாருடையவை? மாளிகைவாசிகளுடையவையா?

செலவாகும் என்பார்கள். ஆகட்டும்! ஆனால், அதைச் சிறு பண்ணைக்காரன் தலையிலே கட்டாதீர்கள். ஒப்பந்த முறையிலே குஞ்சும் தீவனமும் மருந்தும் தருவது கம்பெனி. வளர்ப்பது மட்டுமே அவன். தீவனம் தருபவர் மருந்துக் கணக்கையும் தரட்டும்!

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகிலே சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனையும் கோழியால் அல்ல. எவ்வளவு கோழியால் என்று அறியத்தான் கணக்கு வேண்டும் என்கிறோம். பணக்காரன் ஊசி ஒன்று தோற்றால் உயர்ந்த விலையிலே மற்றொன்று தேடுவான். கூலிக்காரன் எங்கே போவான்?

ஆளவந்தாரே, தடையைக் காட்டியது போதும். கூட்டைத் திறந்து பாருங்கள். கணக்கைத் திறந்து காட்டுங்கள்!