ரேமை ஏற்றினால் போதுமா? தேடலில் காணாமல் போகும் பக்கங்கள்

லட்சக்கணக்கான ஆவணங்களுக்கு இண்டெக்ஸ் போடும்போது பாதி ராத்திரியில் புரோகிராம் நின்றுபோகும். திரையில் ‘அவுட் ஆஃப் மெமரி’. உடனே வரும் யோசனை, ‘ரேமை இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா’ என்பதுதான். பல நேரம் அது பிரச்சினையைத் தள்ளிப்போடுமே தவிர தீர்க்காது.

இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி: எந்தச் சொல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற பட்டியல். மொத்தத்தையும் மெமரியிலேயே கட்ட நினைத்தால் எந்த மெஷினும் ஒருநாள் திணறும். டக் கட்டிங் 1999-ல் உருவாக்கிய லூசீன்தான் இன்று எலாஸ்டிக்சர்ச், சோலர் இரண்டுக்கும் அடித்தளம். அது மெமரியில் 16 எம்பி சேர்ந்ததுமே டிஸ்கில் ஒரு துண்டாக எழுதிவிடும். துண்டுகளைப் பிறகு இணைத்துக்கொள்ளும். ஆகவே கோளாறு பெரும்பாலும் நாம் ஊட்டுகிற விதத்தில்தான். பல ஜிபி ஃபைலை ஒரே மூச்சில் படிப்பது, ஆயிரக்கணக்கான ஆவணங்களை ஒரே கோரிக்கையில் திணிப்பது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

ரேமை ஏற்றுவதற்கும் வரம்பு உண்டு. எலாஸ்டிக்சர்ச்சின் ஜாவா ஹீப்புக்கு மொத்த ரேமில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. சுமார் 32 ஜிபியையும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஜாவாவின் முகவரிகளே பெரிதாகி இடத்தைத் தின்னும்.

க்ராஷ்கூடப் பரவாயில்லை. யாராவது கவனிப்பார்கள். அதைவிட மோசமானது சத்தமில்லாத ‘தீர்வு’. லூசீனின் பழைய பதிப்புகள், அமைப்பை மாற்றாவிட்டால், ஒரு ஆவணப் பகுதியில் முதல் 10,000 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். மெமரி தீராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எரர் வராது. 300 பக்கத் தீர்ப்பு ஒன்றின் 200-ம் பக்கத்தில் இருக்கும் பெயரைத் தேடினால் ‘முடிவுகள் இல்லை’ என்றே வரும். தேடியவர் அப்படி ஒரு பெயரே இல்லை என்று நம்பிவிடுவார்!

அந்த வரம்பு பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் ‘பெரிய ஃபைலா, ஸ்கிப் பண்ணிடு’ என்கிற பழக்கம் போகவில்லை. தமிழில் இந்தச் சபலம் இன்னும் அதிகம். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கும் எல்லாமே தனித்தனிச் சொற்களாகப் பதிவாகும், வேர்ச்சொல் பிரிக்காவிட்டால். போதாக்குறைக்கு யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்.

மெமரி எரரைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லும் டீமிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். எத்தனை ஆவணம் உள்ளே போனது, எத்தனை இண்டெக்ஸில் இருக்கிறது? இருப்பதிலேயே பெரிய ஆவணத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா?