ராக்குக்கு எதற்குக் கற்புக் காவல்?

பழைய ராக் பாடல்களை ஜாஸ் கலைஞர்களும் அரபு, பிரேசில் இசைக்காரர்களும் எடுத்து வாசிப்பது கலை அல்ல, திருட்டு என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பாடல்களின் கோபத்தை இவர்கள் பிடுங்கிவிடுகிறார்களாம். மூலம் மாசற்றதாம், அதைத் தொடுகிறவர்கள் அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்கிறார்களாம். அவ்வளவு நீளக் கட்டுரையில் ஒரு பாட்டையாவது அவர் காது கொடுத்துக் கேட்டதற்குத் தடயமே இல்லை. தீர்ப்பு மட்டும் பலமாக இருக்கிறது.

மாசற்ற ராக் என்று அவர் தூக்கிப் பிடிப்பது டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' பாட்டை. இதைவிடத் தவறான உதாரணத்தை அவர் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. 1967இல் வந்த அவர்களது முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டு ஏழு நிமிடம் ஓடுகிறது. ஜிம் மாரிசன் பாடி நிறுத்தியதும் முதலில் ரே மன்ஸாரெக்கின் ஆர்கன், அடுத்து ராபி க்ரீகரின் கிட்டார் என்று நீண்ட தனி வாசிப்புகள் வருகின்றன. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஏ மைனர், பி மைனர் என இரண்டே கார்டுகள். மற்றவர்கள் அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, மேலே ஒருவர் தன் போக்கில் கற்பனையை விரிக்கிறார். இந்த அமைப்பு ராக்கில் முளைத்ததல்ல. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' இசைத்தட்டிலிருந்து எடுத்தது. டோர்ஸ் குழுவினரே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

1961இல் வெளியான அந்தத் தட்டைக் கேளுங்கள். மெக்காய் டைனர் பியானோவில் இரண்டு கார்டுகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருப்பார். அதன்மேல் கோல்ட்ரேனின் சொப்ரானோ சாக்ஸபோன் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அது மூன்று எண்ணிக்கையில் நடக்கிறது. டோர்ஸ் அதை நான்குக்கு மாற்றிக்கொண்டார்கள். கோல்ட்ரேனின் அந்த வாசிப்புக்கும் வேறொரு மூலம் உண்டு: 1959இல் பிராட்வேயில் மேடையேறிய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகம். சிதார் கலைஞர் ரவிசங்கரின் இசையை ஆழ்ந்து கேட்ட கோல்ட்ரேன், தன் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். க்ரீகரும் டோர்ஸ் டிரம்மர் ஜான் டென்ஸ்மோரும் லாஸ் ஏஞ்சலஸில் ரவிசங்கர் நடத்திய இசைப் பள்ளிக்குப் போனவர்கள்.

நண்பர் கும்பிடுகிற மூலத்தின் நடுவிலேயே ஜாஸ் உட்கார்ந்திருக்கிறது, இந்துஸ்தானி உட்கார்ந்திருக்கிறது. வானொலிக்காகப் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் சுருக்கியபோது வெட்டுப்பட்டதும் அந்தப் பகுதிதான். தூய ராக் வேண்டும் என்கிறவர் அந்த வெட்டுத் துண்டை வைத்துக்கொள்ளட்டும்.

டோர்ஸ் தட்டு வந்த மறு ஆண்டே, போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பார்வையற்ற கிட்டார் கலைஞர் ஹோசே ஃபெலிசியானோ இதே பாட்டை வேகம் குறைத்துப் பாடினார். மாரிசனிடம் கட்டளையாக ஒலித்தது இவரிடம் ஏக்கமாக மாறியது. கிராமி விருதும் கிடைத்தது. 1970இல் ஆனந்த சங்கர் சிதாரில் வாசித்த வடிவமும் இருக்கிறது. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. சிதார் மேல்பூச்சாகவே நின்றுவிடுகிறது. தோற்ற முயற்சி என்று அதைச் சொல்வேன். திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

திருட்டு என்ற பேச்சை எடுத்தவர் நண்பர்தான், அதையும் பேசிவிடுவோம். அவர் மாசற்ற மூலங்களின் பட்டியலில் லெட் ஸெப்பலின் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' இருக்கிறது. 1969இல் வந்த அந்தப் பாட்டின் வரிகளில் பெரும்பகுதி, கறுப்பின ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டை ஒட்டியது. தட்டில் டிக்ஸனின் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. பிறகுதான் அவர் பெயர் ஏறியது. ஒரு ஜாஸ் கலைஞர் நிர்வானா என்ற ராக் குழுவின் பாட்டை வாசித்தால் தட்டில் நிர்வானாவின் பெயர் இருக்கும், உரிமைத்தொகையும் போய்ச் சேரும். இதில் யார் அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்ந்தது? ஸெப்பலின் அந்தப் பாட்டை வாசித்த விதம் பிரமாதம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூலம் மாசற்றது என்று எழுதும்போது டிக்ஸனை இரண்டாம் முறை அழிக்கிறோம் என்ற நினைப்பு வேண்டாமா?

கோபம் போய்விடுகிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. க்ளாஷ் குழு 1982இல் 'ராக் த காஸ்பா' பாட்டை வெளியிட்டது. ராக் இசைக்குத் தடை போடும் அரபு மன்னனையும் அதை மீறும் மக்களையும் லண்டனிலிருந்து பார்த்துப் பாடிய பாட்டு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைகளின் வானொலி அதையே ஒலிபரப்பியது. போரை எதிர்த்த ஒரு குழுவின் பாட்டு, குண்டு போடுகிறவர்களின் பாட்டாக ஆனது. அதன் கோபத்தை எந்த ஜாஸ்காரர் பிடுங்கினார்? 2004இல், ஈராக் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், அல்ஜீரியாவில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்த ரஷீத் தாஹா அதை அரபியில் பாடினார். ஹகீம் ஹமாதூஷின் மாண்டோலூட் கம்பிகள் படபடக்க, அரபு வயலின்கள் சேர்ந்து எழும்ப, தாஹாவின் கரகரத்த குரல் பாட்டை அதன் ஊருக்கே திருப்பிக் கொண்டுபோனது. க்ளாஷின் மிக் ஜோன்ஸே தாஹாவுடன் மேடையேறி அதை வாசித்தார். பாட்டுக்குச் சொந்தக்காரருக்கு இல்லாத ஆட்சேபம் நண்பருக்கு எங்கிருந்து வந்தது?

மற்ற படைப்பாளிகளும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாட்டை 1968இல் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மாற்றி வாசித்த பிறகு, அதை எழுதிய பாப் டிலனே மேடையில் ஹெண்ட்ரிக்ஸின் வழியைப் பின்பற்றினார். பிரேசில் பாடகர் செயு ஜோர்ஜ் ஒற்றைக் கிட்டாருடன் போர்த்துகீசிய மொழியில் தன் பாடல்களைப் பாடாதிருந்தால், அவற்றுக்கு அவர் ஊட்டிய இந்தப் புதிய அழகைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று டேவிட் போவி மனம் திறந்து பாராட்டினார்.

ஓட்டல் வரவேற்பறைகளில் ஓடுகிற, பழைய ராக் பாடல்களைப் பஞ்சில் பொதிந்து தருகிற ஜாஸ் எனக்கும் எரிச்சல்தான். அங்கே குற்றம் சோம்பலுடையது, ஜாஸுடையது அல்ல. நிர்வானாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டை 2003இல் த பேட் பிளஸ் குழு பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றை மட்டும் வைத்து வாசித்ததைக் கேட்டவர் யாரும் ஜாஸ் கோபத்தைத் தணிக்கும் என்று எழுதத் துணிய மாட்டார்.

டிக்ஸனின் பெயரை விட்டுவிட்டு வந்த தட்டைக் கும்பிட்டுக்கொண்டு, க்ளாஷின் பெயரைச் சொல்லிப் பாடிய தாஹாவைத் திருடர் கணக்கில் சேர்ப்பது இசை விமர்சனம் அல்ல, அநியாயம். 'திருட்டு' என்ற அந்தச் சொல்லை நண்பர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும்.