கெட்டிக்கார மாணவரை அடையாளம் காண்பது யார்?

கடைசியாக 2019-இல் நடந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. தேர்வு நெருக்கடி குறைந்ததாகப் பலர் வரவேற்றனர். ஆனால், தோட்டப்புறப் பள்ளியின் கெட்டிக்கார மாணவரை வெளியுலகுக்குக் காட்டிய ஒரு வழியும் அத்துடன் அடைபட்டது.

மிகுதிறன் மாணவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009-இல் பெர்மாத்தா பிந்தார் திட்டம் தொடங்கியது. அதன் முதல் படி யுகேஎம்1 எனும் இணையச் சோதனை. அடுத்த சோதனையிலும் தேறியோர் பள்ளி விடுமுறை முகாமுக்கு அழைக்கப்பட்டனர். ஆனால், யாராவது பெயரைப் பதிந்தால்தானே மாணவர் சோதனைக்கு அமர முடியும்?

கிள்ளான் நகரில் அதைப் பெற்றோரே கவனித்துக்கொள்ளலாம். கேரித் தீவுத் தோட்டத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரைச் சேரும். 150-க்கும் குறைவான மாணவர்கள் பயிலும் பள்ளியில் பாடம், புறப்பாடம், கோப்பு வேலை அனைத்தையும் சில ஆசிரியர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை 30-ஐ எட்டாவிட்டால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிக்கும் நிலை.

இந்த உழைப்புக்குப் பலன் என்ன? குரு செமர்லாங் பதவி உயர்வு பாட வாரியாக வழங்கப்படுகிறது. திறமையைக் கண்டறிந்து வளர்ப்பது எந்தப் பாடத்திலும் சேராது. பணி மதிப்பீட்டில் அதற்கும் புள்ளி வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புகள் ஆளுக்கொரு தோட்டப் பள்ளியைத் தத்தெடுத்து, இணையப் பதிவுக்கு உதவலாம். அதற்கு அமைச்சின் உத்தரவு தேவையில்லை.