மூளையின் காவல் அரண்

1885ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தினார். ஏனைய உறுப்புகள் நிறமேறின. மூளை வெளுத்தே இருந்தது. மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுகி நின்று காவல் புரிவதே காரணம். அஃது எர்லிக்குக்கே அன்று புலப்படவில்லை!

பக்கவாதத்தில் இரத்தக்கட்டி குழாயை அடைத்ததும், பிராணவாயுவின்றி அவ்வரண் தளர்கிறது. நீர் கசிந்து மூளை வீங்குகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும் என்பதும் இதனாலேயே. தாமதித்தால், மீண்டு வரும் இரத்தம் சிதைந்த சுவர் வழியே மூளைக்குள் பாயும் அபாயம் மிகுகிறது.

வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறியவரை, 'வாயுப்பிடிப்பு' என்று தைலம் தேய்த்து மாலைவரை படுக்கவைக்கும் இல்லங்கள் இன்னும் உள்ளன. சகோதரிகளே, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.